வெயில் எந்தப் பக்கம்? வீவக வீட்டில் விதையிலிருந்து காய்கறி வளர்க்க முழு வழிகாட்டி

ஆடி பிறந்துவிட்டால் மன்னார்குடியிலிருந்து அம்மாவின் போன் வந்துவிடும். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வியே, "என்னடி, விதை போட்டுட்டியா?" என்பதுதான். ஆடிப் பட்டம் தேடி விதை என்பதைக் கேட்டே வளர்ந்தவர் அவர். நானும் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் நின்றுகொண்டு, சில வருடங்கள் ஆடியைப் பார்த்தே விதைத்தேன். அது நன்றாக வந்தது, தையில் போட்டுப் பார்த்தபோது சரியாகவே வரவில்லை. காரணம் புரிய வெகுநாள் ஆனது.

சிங்கப்பூரில் பட்டம் என்று ஒன்று கிடையாது. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரம், வெப்பம் 24 முதல் 33 டிகிரிக்குள். எந்த மாதத்தில் போட்டாலும் விதை முளைக்கும். அது காய்க்குமா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டு வாசல் பார்க்கும் திசை. ஆகவே விதை வாங்கக் கிளம்பும் முன் ஒரு நாளை வெயிலுக்காக ஒதுக்குங்கள்.

வெயிலை அளப்பது

மேகம் குறைவான ஒரு சனிக்கிழமை போதும். காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை, மணிக்கு ஒருமுறை செடி வைக்க நினைக்கும் இடத்துக்குப் போய்க் கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு கூர்மையாக விழுந்தால் நேரடி வெயில். மங்கலாக, விளிம்பே தெரியாமல் விழுந்தால் அது வெறும் வெளிச்சம். நேரடி வெயில் எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். உச்சி வெயில் இங்கே 12 மணிக்கு வராது, ஒரு மணியை ஒட்டித்தான் வரும். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதே காரணம்.

ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு நிறுத்திவிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே. மார்ச், செப்டம்பர் இரண்டிலும் பிற்பாதியில் தலைக்கு நேர் மேலே. வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு ஜூனில் வெயில் உள்ளே வரை வரும், டிசம்பரில் எட்டிக்கூடப் பார்க்காது. தெற்கு பார்த்த வீட்டுக்கு நேர்மாறு. கிழக்கு பார்த்தவர்களுக்கு வருடம் முழுக்கக் காலை வெயில். கீரைக்கு அதைவிட நல்லது இல்லை. மேற்கு பார்த்தவர்களுக்கு மாலை வெயில் சுளீரென்று அடிக்கும். அங்கே கறுப்புத் தொட்டி வைத்தால் வேர் வெந்துவிடும், வெளிர் நிறத் தொட்டிதான் வேண்டும்.

என் வீடு வடக்கு பார்த்தது. ஆடியில் போட்டது முளைத்து நன்றாக நின்றதற்கும், தையில் போட்டது வெளுத்துப் போனதற்கும் காரணம் இதுதான். ஆடி ஜூலை நடுவில் வருகிறது, அப்போது என் வாசலில் வெயில் இருக்கிறது. அம்மாவின் பட்டம் தற்செயலாக என் தாழ்வாரத்தோடு ஒத்துப்போயிருந்திருக்கிறது. இப்போது மிளகாய், வெண்டை இரண்டையும் பிப்ரவரியில் தொடங்கி, ஏப்ரலில் வெயில் வரும்போது செடி தயாராக நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். தெற்கு பார்த்தவர்கள் ஆகஸ்டில் தொடங்கலாம். ஆனால் நவம்பர், டிசம்பரில் மழை அதிகம், அதற்கு ஏற்பாடு வேண்டும்.

இடமும் விதியும்

தாழ்வாரம் பொதுச்சொத்து. தீ விபத்து நேர்ந்தால் எல்லோரும் ஓடவேண்டிய வழி அதுதான். தொட்டி, அலமாரி எல்லாம் வைத்த பிறகும் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்து, தரையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் போகும் பக்கத்துவீட்டுப் பெரியவரை நினைத்துக்கொண்டால் 1.2 மீட்டரும் போதாது என்று தோன்றும். உங்கள் வட்டாரத்தில் கூடுதல் நிபந்தனை உண்டா என்பதை நகர மன்றத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தடுப்புச் சுவரின் மேலும் சன்னல் விளிம்பிலும் தொட்டி வைக்கவே கூடாது. ஈரமண் நிறைந்த ஐந்து லிட்டர் தொட்டி ஏழாம் மாடியிலிருந்து விழுந்தால் கீழே ஓர் உயிர் போகும். கம்பியில் மாட்டுவதாக இருந்தாலும் உள்பக்கமாகத்தான்.

அடுத்தது கொசு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, பூவாளியின் அடி, கவிழ்த்து வைக்காத பக்கெட், இலைக்காம்புக் கக்கம் என்று எங்கும் தண்ணீர் தேங்கக்கூடாது. தட்டை எடுத்துவிட்டு, தொட்டியைக் கம்பி அலமாரியில் வைத்து, கீழே விழும் நீரை அன்றன்றே துடைப்பது என் வழக்கம். தட்டு வேண்டும் என்பவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. மண் இறுகிப்போன தொட்டியின் மேல்பரப்பில் நிற்கும் நீரிலும் புழு வளரும். குச்சியால் அவ்வப்போது மண்ணைக் கிளறிவிடுங்கள்.

எதை விதைப்பது

அளந்து எழுதிய தாளை எடுங்கள்.

நேரடி வெயில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் காய் வகைகளை மறந்துவிடுங்கள். வெந்தயக்கீரை, கடுகுக்கீரை இரண்டையும் இளசாகப் பறிக்கலாம். விதை இல்லாமல் வளர்ப்பதென்றால் பண்டான் (ரம்பை) பக்கக் கன்றிலிருந்தும், தவசிக்கீரை குச்சியிலிருந்தும் வரும், இரண்டும் நிழலையும் தாங்கும். மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் தண்டுக்கீரை, சிவப்புக்கீரை, கங்கோங் (வள்ளைக்கீரை), சாய் சிம் (சீனக் கடுகுக்கீரை வகை), மணத்தக்காளி எல்லாம் வரும். ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் கிடைப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மிளகாய், வெண்டை, கத்தரி, நீளப் பயறு, சிறகவரை என்று இறங்கலாம்.

முதல் முறை விதைப்பவர்கள் ஆசைப்படும் சிலவற்றுக்கு இந்த ஊர் ஒத்துவராது. பெரிய தக்காளிக்கு இரவு குளிர வேண்டும். நம் இரவு 24, 25 டிகிரியிலேயே நிற்பதால் பூ நிறைய வந்து உதிரும். சின்னச் செர்ரித் தக்காளி ஓரளவு தாங்கும். கேரட், காலிஃபிளவர், பட்டாணி வேண்டாம். கொத்தமல்லி வரும், ஆனால் சூட்டில் சீக்கிரமே பூத்துவிடும். அதைத் தொடர்ந்து பறிக்கும் செடியாக நினைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டே இருக்கும் செடியாக நினையுங்கள்.

முதல் முயற்சிக்கு என்னைக் கேட்டால் மூன்றே மூன்று: வெந்தயம், கங்கோங், வெண்டை. வெந்தயம் மூன்று வாரத்தில் கைக்கு வரும், கங்கோங் ஒரு மாதத்தில், வெண்டை இரண்டு மாதத்தில். ஒன்று முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும், மனம் தளராது.

விதை

நம் அஞ்சறைப்பெட்டியே ஒரு விதைக்கடை. வெந்தயம், கடுகு, முழுக் கொத்தமல்லி ஆகியவற்றை லிட்டில் இந்தியாவின் தேக்கா மளிகைக்கடையில் வாங்கும் அதே பொட்டலத்திலிருந்து விதைக்கலாம். வறுத்ததாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். வெயிலில் காய்ந்த வற்றல் மிளகாயின் விதை பெரும்பாலும் முளைக்கும். கீரை, கங்கோங், வெண்டை விதைகள் நாற்றுப்பண்ணைகளிலும் பேரங்காடிகளிலும் கிடைக்கின்றன. உறையின் பின்னால் உள்ள தேதியைப் பாருங்கள். கலப்பின விதை என்று போட்டிருந்தால் முதல் விளைச்சல் நன்றாக இருக்கும், அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. விதை சேமிக்க நினைப்பவர்கள் நாட்டு ரகத்தைத் தேடுங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது முந்தானையில் முடிந்து விதை கொண்டுவரும் வழக்கம் நம்மிடம் உண்டு. செடி, விதை இறக்குமதிக்குத் தேசியப் பூங்காக் கழகம் வைத்துள்ள விதிகளைப் பயணத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

பழைய விதை உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகமா? பத்து விதையை ஈரமான திசுத்தாளில் வைத்து மடித்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வெண்டைக்கு ஐந்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம். பத்தில் ஏழு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். நாலு முளைத்தால் இரண்டு மடங்கு போடுங்கள். அதற்கும் கீழே என்றால் புதிது வாங்கிவிடுவது நல்லது.

மண்

இங்கே பைகளில் மலிவாகக் கிடைக்கும் தோட்ட மண்ணில் களி அதிகம். தொட்டியில் நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் செங்கல் ஆகிவிடும். நான் கலக்கும் விகிதம்: தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, மட்கிய உரம் இரண்டு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல் துகள்) அல்லது சுட்டமண் துண்டு ஒரு பங்கு. தென்னைநார்த் தூளில் உப்பு இருக்கலாம், பக்கெட்டில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கலந்த மண்ணைக் கையில் எடுத்து இறுகப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நீர் ஒழுகினால் ஈரம் அதிகம்.

விதை முளைக்க வைக்கும் மண்ணில் உரம் வேண்டாம். விதைக்குள்ளேயே முதல் இரு வாரச் சாப்பாடு இருக்கிறது. அந்தத் தட்டுக்குச் சலித்த தென்னைநார்த் தூளோடு கொஞ்சம் பெர்லைட் போதும்.

தொட்டி அளவு: கீரைக்கு 15 செ.மீ ஆழமுள்ள அகலப் பெட்டி. மிளகாய்க்கு 8 முதல் 10 லிட்டர். வெண்டைக்கும் கத்தரிக்கும் 15 லிட்டர். எதுவானாலும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும்.

விதைக்கும் கை

விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால் எந்த விதையையும் போடலாம். ஆனால் ஒவ்வொரு விதைக்கும் ஒரு குணம் உண்டு.

வெந்தயத்தை இரவு ஊறவைத்து, உணவங்காடியிலிருந்து வரும் தாபாவ் (பார்சல்) டப்பாவின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, மூன்று விரல் உயரம் மண் நிரப்பி, விதை விதையைத் தொடும் அளவுக்கு நெருக்கமாகப் பரப்புங்கள். மேலே மெல்லிய மண் போர்வை. இரண்டாம் நாளே முளை வரும், 15 முதல் 20 நாளில் கத்தரிக்கோலால் வெட்டிப் பருப்பில் போடலாம்.

தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறிது. அப்படியே தூவினால் ஓர் இடத்தில் கொட்டிவிடும். ஒரு தேக்கரண்டி விதைக்குப் பத்துத் தேக்கரண்டி உலர்ந்த மணல் கலந்து தூவி, கையால் மெதுவாக அழுத்திவிடுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். எறும்பு இந்த விதையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடும், முளைக்கும் வரை டப்பா மூடியைத் தளர்வாக மேலே வையுங்கள். முளைத்ததும் அன்றே எடுத்துவிட வேண்டும்.

கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்வது ஒரு காய். உள்ளே இரண்டு விதை. பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, சில மணி நேரம் ஊறவைத்து, இருக்கவேண்டிய இடத்திலேயே விதையுங்கள். நாற்றைப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும் செடி இது. வெண்டையும் நீளப் பயறும் அப்படித்தான்.

கங்கோங் விதைக்குத் தோல் கெட்டி. இரவு முழுக்க ஊறட்டும், மிதப்பவற்றை எடுத்துவிடுங்கள். விரல்கணு ஆழத்தில், நாலு விரல் இடைவெளியில் போடலாம்.

வெண்டை விதையை 12 மணி நேரம் ஊறவைத்து, தொட்டிக்கு இரண்டு வீதம் ஒரு விரல்கணு ஆழத்தில் வையுங்கள். மூன்றாம் நாள் காலை மண் மேல் ஒரு பிளவு விடும். குனிந்து பார்த்தால் வெளிர்பச்சையில் ஒரு வளைந்த கழுத்து மட்டும் தெரியும், தலை இன்னும் மண்ணுக்குள். அந்தக் கழுத்துத்தான் முதுகால் மண்ணை முட்டித் தள்ளுகிறது. மென்மையான இலையை முன்னால் விட்டால் கிழிந்துபோகும் என்பதால் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. மதியத்துக்குள் நிமிர்ந்துவிடும். சில சமயம் இரண்டு இலையின் நுனியிலும் விதைத்தோல் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்க்காதீர்கள். விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டுப் போங்கள், ஊறினால் தானே நழுவும். ஒரு வாரம் கழித்து இரண்டில் வலுவானதை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் இருப்பதன் வேரும் அசையும்.

மிளகாயும் கத்தரியும் தட்டில் விதைத்துப் பிறகு நடவேண்டியவை. அரை செ.மீ ஆழம், முளைக்க 7 முதல் 14 நாள். பொறுமை வேண்டும். ஐந்தாம் நாள் கிளறிப் பார்ப்பவர்கள் வேரை முறிக்கிறார்கள்.

நாற்று நிலை

2020 ஜூனில் தேசியப் பூங்காக் கழகம் வீட்டில் உணவுச்செடி வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கி, பதிவு செய்த வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலம் அனுப்பியது. கொவிட் காலம், எல்லோரும் வீட்டில். நானும் அந்த உற்சாகத்தில் வேறு விதைகளும் சேர்த்து வாங்கி, மிளகாய் மட்டும் அறுபது நாற்று விட்டேன். சமையலறைச் சன்னலோரம் வைத்திருந்தேன். முளைத்தவை நூல் போல நீண்டு, சன்னல் பக்கம் சாய்ந்து, பத்தாம் நாள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டன. விதை சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, வெளிச்சத்துக்கு ஏங்கித்தான் அவை அப்படி நீண்டன. என் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்த சன்னல் செடிக்கு இருட்டு.

முளை தெரிந்த அன்றே தட்டு வெளிச்சத்துக்குப் போக வேண்டும் என்பது அதில் கற்றது. முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரத்தில் முழு வெயில். வெயிலே இல்லாதவர்கள் வெள்ளை எல்இடி விளக்கை நாற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டி, தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம்.

இன்னொரு ஆபத்து அழுகல். நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று மண்ணோடு ஒட்டிய இடத்தில் இளைத்து, கறுத்து, சாய்ந்து கிடக்கும். மண்ணில் உள்ள பூஞ்சை செய்யும் வேலை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதற்குக் கொண்டாட்டம். வந்த பிறகு காப்பாற்ற முடியாது, வராமல்தான் தடுக்க வேண்டும்: நெருக்கமாக விதைக்காதீர்கள், தட்டை நீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள், மண்ணின் மேல்பரப்பு காயட்டும், மின்விசிறிக் காற்று லேசாக மேலே படட்டும். காற்றில் ஆடும் நாற்றின் தண்டும் தடிக்கும்.

உண்மை இலை, அதாவது முதலில் வரும் இரண்டு விதையிலைகளுக்குப் பிறகு வருபவை, நாலு முதல் ஆறு வந்ததும் நடலாம். நான் காலையில் நட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்துவீட்டு மலாய் மாக்சிக் (அத்தை), "இப்போ வேண்டாம், சாயங்காலம் செய், ராத்திரி முழுக்க அது தூங்கி எழுந்திருக்கும்" என்றார். அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல்தான் நடுகிறேன், வாட்டம் நன்றாகக் குறைந்தது. நாற்றைத் தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், இலையைப் பிடியுங்கள். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

தண்ணீர், உரம்

மேல்மாடியில் காற்று மண்ணை உலர்த்திவிடும். தினமும் இத்தனை மணிக்கு ஊற்று என்று விதி போட முடியாது. சுட்டுவிரலை இரண்டு கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். உலர்ந்திருந்தால் அடியில் நீர் வழியும் வரை ஊற்றுங்கள். வழியும் நீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. மழைச்சாரல் அடிக்கும் மாதங்களில் தொட்டியைச் சுவர்ப்பக்கம் நகர்த்துங்கள்.

நட்டு இரண்டு வாரம் கழித்து உரம் தொடங்கலாம். கீரைக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்). காய்க்கும் செடிக்கு மொட்டு தெரியும் வரை சமச்சீர் உரம், பிறகு சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடியது. திரவ உரத்தை உறையில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். மிளகாய்ச் செடி கருகருவென்று தழைத்துப் பூக்கவே இல்லை என்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது, நிறுத்துங்கள். மீன் உரம் அருமையானது, ஆனால் தாழ்வாரமே நாறும், பக்கத்து வீட்டோடு உறவு கெடும். காய்கறித் தோலைத் தொட்டியில் நேராகப் போடுவதும் வேண்டாம், கரப்பானும் பழ ஈயும் வந்துவிடும்.

பூவும் காயும்

ஏழாம் மாடிக்குத் தேனீ எப்போதாவதுதான் வருகிறது. வெண்டை, மிளகாய், தக்காளி தம்மைத் தாமே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், காற்றில் ஆடினாலே போதும். கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை வழியாகத்தான் தூளைக் கொட்டும். காலையில் பூக்காம்பை விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். பாகல், பீர்க்கு வைத்தவர்கள் கைவேலை செய்தே ஆகவேண்டும்: ஆண்பூவைப் பறித்து, இதழை ஒடித்துவிட்டு, அடியில் பிஞ்சுடன் இருக்கும் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண்பூ மட்டுமே வரும், பயம் வேண்டாம். பாகற்பிஞ்சு பிடித்ததும் பழ ஈ குத்தாமல் காகிதப் பை மாட்டிவிடுங்கள்.

வெண்டை பூத்து நாலு முதல் ஆறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்தால் நார். முனையை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும் என்று சந்தையில் பார்ப்போமே, அந்தச் சோதனையைச் செடியில் செய்ய வேண்டாம், நீளம் ஒரு விரல் ஆனதும் பறித்துவிடுங்கள். கங்கோங்கை வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

வந்து சேர்பவர்கள்

மாவுப்பூச்சி, அசுவினி, சிலந்திப்பேன் மூன்றும் வரும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள், எல்லாம் அடியில்தான் குடியிருக்கும். ஆரம்பத்திலேயே கண்டால் ஈரத் துணியால் துடைத்தாலே போதும். பரவினால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஐந்தாறு நாளில் இன்னொரு முறை தெளிக்க வேண்டும். மிளகாய் நுனி இலை சுருண்டால் அந்த நுனியைக் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கொண்டைக்குருவிகள் பழுத்த மிளகாயைத் தின்றுவிடும், பறவைக்குக் காரம் உறைக்காது. மெல்லிய வலை போதும். தேன்சிட்டு தொட்டிச் செடியில் கூடு கட்டினால் மட்டும் அந்தச் செடியைக் குஞ்சு பறக்கும் வரை அவற்றுக்கே விட்டுவிடுங்கள்.

கறிவேப்பிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதன் விதை காயவைத்துச் சேமிக்கும் விதை இல்லை. கறுத்த பழத்தைப் பறித்து, சதையை நீக்கி, அந்த வாரமே விதைக்க வேண்டும். முளைக்க மூன்று நாலு வாரம், முதல் வருடம் ஒரு முழம்கூட வளராது. அந்த வருடம் இலை பறிக்காதீர்கள். பிறகு நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். ஒருநாள் இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். அது பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்து பச்சையாகி, இரண்டே நாளில் ஒரு கிளையை மொட்டையாக்கும். நான் அவற்றுக்கென்றே இரண்டாவதாக ஒரு செடி வைத்திருக்கிறேன், புழுவைக் கண்டதும் அதில் மாற்றிவிடுவேன்.

வீட்டில் வெயிலே இல்லாவிட்டால்

கீழே இறங்குங்கள். 2005ல் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தில் குடியிருப்புப் பேட்டைகள் பலவற்றில் சமூகத் தோட்டங்கள் உண்டு. உங்கள் வசிப்போர் குழுவில் விசாரியுங்கள். தேசியப் பூங்காக் கழகம் சில பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள பாத்திகளை மூன்றாண்டுக் குத்தகைக்கும் விடுகிறது. விண்ணப்பம் திறக்கும்போது பதிவு செய்தால் குலுக்கலில் கிடைக்கலாம். கீழ்த்தளத் தோட்டத்தில் பெரிய நத்தைகள்தான் தொல்லை, இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த நத்தையில் ஒட்டுண்ணி இருக்கலாம்.

விதை எடுப்பது

நன்றாகக் காய்த்த வெண்டைச்செடியில் ஒரு காயைப் பறிக்காமல் விட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். வீட்டில் யாரும் பறித்துவிடாமல் இருக்கத்தான் நூல். ஒரு மாதத்தில் பழுப்பாகி, வரிவரியாக வெடிக்கத் தொடங்கும். தொடர்மழை என்றால் செடியிலேயே பூஞ்சை பிடிக்கும், காம்போடு வெட்டி உள்ளே கொண்டுவந்து மின்விசிறிக்கு எதிரே ஒரு வாரம் வையுங்கள்.

விதைக்கு இங்கே பெரிய எதிரி காற்றின் ஈரம். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்கு ஆகும் என்பது விதையியலில் பொதுக் கணக்கு. உலர்ந்த விதையைக் காகித உறையில் போட்டு, உறையைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். திறக்க வேண்டிய நாளில் டப்பாவை வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மூடியைத் திறங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த விதை மேல் காற்றின் ஈரம் வேர்த்துப் படியும், இத்தனை நாள் உலர்த்தியது வீண்.

உறை மேல் பெயர், பறித்த தேதி, அதோடு அந்தச் செடி எந்தப் பக்க வெயிலில் நின்றது என்பதையும் எழுதுங்கள். என் டப்பாவில் இப்போது இருக்கும் ஓர் உறையில் 'வெண்டை, வடக்குத் தாழ்வாரம், பிப்ரவரியில் போட்டது, ஜூனில் நல்ல காய்' என்று இருக்கிறது. அடுத்த முறை அம்மா கேட்டபோது அதைப் படித்துக் காட்டினேன். "அப்போ உனக்கு மாசிப் பட்டம்னு சொல்லு" என்றார்.